பழைய வீடியோ கார்டுக்கு மானிட்டர் இணைக்கும் முறை

1980களின் நடுவிலிருந்து 90களின் கடைசி வரை வந்த வீடியோ கேப்சர் கார்டுகளை (கேமரா, விசிஆர் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் பலகைகள்) மறுபடி ஓடவைக்கும்போது சிக்கல் பெரும்பாலும் மானிட்டரில்தான் வரும். ப்ளக் பொருந்தினாலே படம் வந்துவிடாது. கம்ப்யூட்டரின் சாதாரண விஜிஏ படம் 31.5 கிலோஹெர்ட்ஸ் வரி வேகத்தில், அதாவது நொடிக்கு 31,500 கிடைவரிகளாக ஓடுகிறது. ட்ரூவிஷனின் டார்கா 16 போன்ற கார்டுகள் ஓடுவது டிவி வேகத்தில்: அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி என்றால் 15.73, நம் ஊர் முறையான பிஏஎல் என்றால் 15.625. இது பாதி வேகம். விஜிஏ மட்டும் ஏற்கும் மானிட்டரில் இதைக் கொடுத்தால், பிந்திய மாடல்கள் ஏற்க மறுத்து இருண்டுவிடும். பாதுகாப்பு இல்லாத பழைய சிஆர்டியில் (படக்குழாய் மானிட்டர்) வரிகளை இழுக்கும் கிடைமட்ட டிரான்சிஸ்டரே எரிந்துபோகலாம். கூர்மையான விசில் சத்தம் கேட்டால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

ஆகவே இந்த வகைக்கு இரண்டு மானிட்டர் தேவை: டாஸ் திரைக்கு விஜிஏ, படத்துக்கு 15 கிலோஹெர்ட்ஸ் ஏற்கும் இன்னொன்று. ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும்) உள்ளீடு உள்ள சோனி பிவிஎம், கொமடோர் 1084, 15.75 முதல் 35 வரை பிடித்துக்கொள்ளும் என்இசியின் முதல் மல்டிசிங்க் ஆகியவை பொருத்தமானவை. சிஆர்டி கிடைக்காவிட்டால் ஜிபிஎஸ்-8200 மாற்றிப் பலகை வழியாக எல்சிடியில் பார்க்கலாம்.

கேபிள் செருகும் முன் எல்லாவற்றையும் அணையுங்கள். நம் வீடுகளில் எர்த் இல்லாத ப்ளக் பாயின்ட் சகஜம். அங்கே கம்ப்யூட்டரின் பெட்டி, பவர் சப்ளையின் ஃபில்டர் கபாசிட்டர்கள் வழியாக 230 வோல்ட்டின் பாதியளவில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் சிறிதுதான், ஆனால் மைய முனை முதலில் தொட்டால் கார்டின் உள்ளீட்டு ஐசிக்கு அதுவே போதும். கம்ப்யூட்டர், மானிட்டர், விசிஆர் மூன்றையும் எர்த் உள்ள ஒரே பலகையில் செருகுங்கள். படத்தில் மெல்ல ஏறும் கிடைப்பட்டை தெரிந்தால் அதுவும் எர்த் கோளாறுதான்.

அடுத்து சிங்க், அதாவது ஒவ்வொரு வரியும் படமும் எப்போது தொடங்குகிறது என்று மானிட்டருக்குச் சொல்லும் சிக்னல், எங்கே வருகிறது என்று பாருங்கள். தனிக் கம்பியிலா, பச்சையோடு சேர்ந்தா? ஆசிலோஸ்கோப் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். பச்சைக் கம்பியை மட்டும் ஒரு டிவியின் மஞ்சள் ஏவி சாக்கெட்டில் கொடுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் அசையாமல் நின்றால் சிங்க் பச்சையிலேயே இருக்கிறது. உருண்டாலோ கிழிந்தாலோ தனியாக வருகிறது. ஸ்கார்ட் (ஐரோப்பிய 21 முனை சாக்கெட்) உள்ள மானிட்டர் என்றால் பின் எண்கள்: சிவப்பு 15, பச்சை 11, நீலம் 7, சிங்க் 20. ஆர்ஜிபிக்கு மாற 16ஆம் பின்னுக்கு 1 முதல் 3 வோல்ட் வேண்டும். கார்டின் சிங்க் 5 வோல்ட் டிடிஎல் (டிஜிட்டல் சிக்னல்) என்றால் 470 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்ட பிறகே 20இல் கொடுங்கள்.

பலரும் தவறவிடுவது 75 ஓம் டெர்மினேஷன், அதாவது கேபிளின் முடிவில் இருக்க வேண்டிய ரெசிஸ்டர். கார்டு 75 ஓம் வழியாக 2 வோல்ட் தருகிறது. மறுமுனையிலும் 75 ஓம் இருந்தால்தான் அது சரியாக 1 வோல்ட் ஆகிறது. டெர்மினேஷன் இல்லாவிட்டால் 2 வோல்ட்டும் அப்படியே வந்து படம் வெளுத்துவிடும். கேபிள் நீளமாக இருந்தால் நிழல் பிம்பமும் தெரியும். இரண்டு இடத்தில் இருந்தால் 0.67 வோல்ட்தான் மிஞ்சும், படம் மங்கும், சிங்க் தடுமாறும். ஒரு மானிட்டரிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகக் கொண்டுபோனால் கடைசியில் மட்டும் 75 ஓம் சுவிட்சைப் போடுங்கள். மங்கலைப் பார்த்துப் பிரைட்னஸைக் கூட்டுவது தவறு. கோளாறு மறைந்துகொள்ளுமே தவிர தீராது.

கிரியேட்டிவின் வீடியோ பிளாஸ்டர் போன்ற ஓவர்லே கார்டுகளுக்கு (கம்ப்யூட்டர் திரையின் மேலேயே வீடியோவைக் காட்டுபவை) ஒரே மானிட்டர் போதும். விஜிஏ கார்டின் 26 முனை ஃபீச்சர் கனெக்டரிலிருந்து வீடியோ கார்டுக்கு ரிப்பன் கேபிளைக் கொடுங்கள். சிவப்புக் கோடு 1ஆம் பின் பக்கம் இருக்கட்டும். விஜிஏ வெளியீட்டை வீடியோ கார்டுக்குள் விட்டு, மானிட்டரை அதன் வெளியீட்டில் மாட்டுங்கள். முதல் சோதனையை 640×480, 256 நிறத்திலேயே செய்யுங்கள்; அதற்கு மேல் ஃபீச்சர் கனெக்டரை நம்ப முடியாது. வீடியோ வரவேண்டிய ஜன்னலில் ஒரே நிறம் நிரம்பியிருந்தால் அது கீ நிறம் (வீடியோ வரவேண்டிய இடத்தைக் குறிக்கும் நிறம்): விஜிஏ வேலை செய்கிறது, வீடியோ கலக்கவில்லை. ரிப்பனைக் கழற்றி மறுபடி அழுத்திப் பாருங்கள். வால்பேப்பரில் அதே நிறம் இருந்தால் அங்கேயும் வீடியோ எட்டிப் பார்க்கும். வேறு கீ நிறம் வையுங்கள்.

மீரோ டிசி30 காலத்து மோஷன் ஜேபெக் (ஒவ்வொரு படச்சட்டத்தையும் தனித்தனியே சுருக்கும்) கார்டுகளில் வேலை எளிது: எஸ்-வீடியோவோ (ஒளியும் நிறமும் தனித்தனிக் கம்பியில்) காம்போசிட்டோ (எல்லாம் ஒரே கம்பியில்) எடுத்து டிவியில் கொடுத்தால் போதும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், காம்போசிட் சிக்னல் எஸ்-வீடியோ உள்ளீட்டுக்குப் போகிறதா, மென்பொருள் என்டிஎஸ்சியில் நிற்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் சீராக ஓடும் காட்சி டிவியில் மட்டும் முன்னும் பின்னும் துடித்தால் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். ஃபீல்டு வரிசை (ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளில் எது முதலில் என்பது) தலைகீழ். மென்பொருளில் அதை மாற்றி, வேகமாக அசையும் 10 நொடித் துண்டு ஒன்றை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.