கழற்றும்போது நடக்கும் தவறுகள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் வருசத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல் வைக்கும் சடங்கு) என்றால்தான் கதவு திறக்கும். வந்த கையோடு யாராவது பழைய வால்வு ரேடியோவின் பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். எங்கள் ஐயாவின் ரேடியோ அப்படித்தான் போனது. கொஞ்ச நேரம் உர்ரென்று இரைந்தது, அப்புறம் வார்னிஷ் கருகும் வாடை. டிரான்ஸ்பார்மரே எரிந்துவிட்டது.

காரணம், உள்ளே கரண்டைச் சேர்த்து வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்ற பாகம். அதில் அலுமினியத் தகட்டின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் கரண்டைத் தடுத்து வைக்கிறது. பல வருசம் சும்மா கிடந்தால் அந்தப் படலம் நலிந்துவிடும். திடீரென முழு வோல்டேஜ் ஏறினால் சூடாகி ஷார்ட் ஆகும். விவரம் தெரிந்த மெக்கானிக் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே ரேடியோவுக்குப் போகும்படி, போட்டுத்தான் முதலில் கரண்ட் கொடுப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ரேடியோ தப்பிக்கும்.

ஊருக்குக் கிளம்பும்போது ரிமோட்டில் இருக்கும் செல்லையும் கழற்றிவிடுங்கள். கசிந்தால் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

எந்தச் சாமானைக் கழற்றினாலும், மூடி வரவில்லை என்று நெம்பாதீர்கள். ஸ்டிக்கருக்கோ ரப்பர் காலுக்கோ அடியில் ஒரு ஸ்குரூ ஒளிந்திருக்கும். ஸ்டிக்கரை விரலால் அழுத்தித் தடவினால் குழி தட்டுப்படும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்துக் கழற்றினால், விழுந்த ஸ்குரூ அந்தப் பூ வேலைப்பாட்டுக்குள் கண்ணுக்கே தெரியாது. பழைய வெள்ளை வேட்டியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஸ்குரூக்களை வையுங்கள். குட்டை ஸ்குரூ இருந்த இடத்தில் நீளமானதை முடுக்கினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டிலேயே இறங்கிவிடும்.

பார்க்கவே மனசு கேட்காதது, போர்டில் சொருகியிருக்கும் பட்டை ஒயரைப் பிடித்து இழுப்பதுதான். அது சொருகியிருக்கும் பல சாக்கெட்டுகளின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு மூடி இருக்கும், பெரும்பாலும் கறுப்பு. அதை நகத்தால் மெல்லத் தூக்கினால் ஒயர் தானாக வழுக்கி வரும். இழுத்தால் மூடி தெறித்துப்போகும், நல்ல போர்டு அதோடு வீண்.

மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம். அதன் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட் அளவுக்கு ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். பழைய பிக்சர் டியூப் டிவியும் அப்படித்தான். இரண்டையும் தெரிந்த கையில் கொடுத்துவிடுங்கள்.