எட்டாம் வகுப்பில் ஒரு பேட்டி, ஒரு புத்தகப்பை

டிசைன் திங்கிங்கை, அதாவது ஒருவரிடம் கேட்டு, அவர் தேவையைப் புரிந்துகொண்டு, அதற்கேற்றதைச் செய்து பார்க்கும் முறையை, சொல்லிக்கொடுக்க எனக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு பீரியட் போதும். ஆளுக்கொரு நோட்டு, பழைய அட்டைப்பெட்டி, கொஞ்சம் கயிறு, துணி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கும் டி.ஸ்கூலில் இதற்குப் பர்ஸை வைத்து ஒரு பயிற்சி உண்டு. இருவர் இருவராக உட்கார்ந்து பேட்டி எடுத்து, எதிரில் இருப்பவருக்கு ஏற்ற பர்ஸைச் செய்ய வேண்டும். என் பிள்ளைகளிடம் பர்ஸ் ஏது? புத்தகப்பை இருக்கிறது, அதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் மூன்று நிமிடம், நல்ல பை ஒன்றை வரையச் சொல்லுங்கள். சக்கரம், ரகசிய ஜிப் எல்லாம் வரும். தாளை மடித்து வைத்துவிடட்டும். அப்புறம் ஜோடி சேருங்கள். நெருங்கிய தோழிகளைச் சேர்க்காதீர்கள். 'அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா' என்று கேட்காமலே எழுதிவிடுவார்கள்.

ஆளுக்கு நான்கு நிமிடப் பேட்டி. கரும்பலகையில் ஒரே கேள்விதான் எழுதுவேன்: 'நேற்று பள்ளி விட்டதிலிருந்து வீடு போகும்வரை உன் பை எங்கெங்கே இருந்தது?' பை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் 'ம்' என்று வரும், அதோடு சரி. நேற்று நடந்ததைக் கேட்டால் கதை வரும். சொல்லப் பிடிக்காததற்கு 'அடுத்தது' என்று சொல்லலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

காது கொடுத்துக் கேட்க இரண்டே பழக்கம். பதில் முடிந்ததும் மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். பிறகு, கேட்டதைத் திருப்பிச் சொல்லி 'இதுதானே?' என்று கேட்க வேண்டும். எதிராளி ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே உன் கருத்தைச் சொல் என்று உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்டு ஃபார்சனும் 1957இலேயே எழுதியிருக்கிறார்கள்.

போன வருடம் ஒரு பெண், "பஸ்ல நிப்பேன். பையை உக்காந்திருக்கிறவங்க மடியில குடுத்துருவேன்" என்று நிறுத்தினாள். கேட்டவள் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தாள். நான் ஐந்து விரலைக் காட்டினேன். மூன்றாவது விரல் மடங்குவதற்குள் வந்தது: "இறங்கும்போது எது என்னுதுன்னே தெரியாது மிஸ். ஒருநாள் வேற பொண்ணு பையைத் தூக்கிட்டு வந்துட்டேன்." அரசு கொடுக்கும் விலையில்லாப் பை, அந்தப் பஸ்ஸில் பாதிப் பேரிடம் அதேதான்.

அடுத்து தேவையை ஒரே வரியில் எழுத வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான், அவசரப்படுத்தாதீர்கள். 'வேறு கலர் பை வேண்டும்' என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். அது ஒரு பொருள், தேவை அல்ல. 'கூட்டத்தில் தன் பை சட்டென்று அடையாளம் தெரிய வேண்டும்' என்பதுதான் தேவை. அதற்கு ஐந்து படம் வரைந்து காட்டட்டும். குறை சொன்னால் எதிர்த்துப் பேசாமல் குறித்துக்கொள்ளட்டும்.

பேட்டி எடுத்தவள் பையின் கைப்பிடியில் நீளமான கயிற்று வளையம் கட்டினாள். "பஸ் கம்பியில மாட்டிக்கும்" என்றாள் பைக்குச் சொந்தக்காரி. வளையம் போய் மூன்று முடிச்சு வந்தது. பன்னிரண்டு பைகளைக் குவித்து, சொந்தக்காரியின் கண்ணைக் கட்டித் தேட விட்டோம். கை முடிச்சில் பட்டதும் பையைத் தூக்கிவிட்டாள்.

கடைசியில் மடித்து வைத்த தாளைப் பிரிக்கச் சொல்லி, 'எந்தச் சொல் உன்னை மாற்றியது?' என்று கேளுங்கள். பேட்டி எடுத்தவளின் தாளில் நான்கு சக்கரம் வைத்த பை இருந்தது. நோட்டில் அவள் அடிக்கோடு போட்டிருந்தது, 'எது என்னுதுன்னே தெரியாது.'