கியூஆர் குறியீட்டில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள்

டிஜிட்டல் விசிட்டிங் கார்டு செயலியை வடிவமைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எதிரில் நிற்பவரிடம் "முதலில் இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் நிலையை உங்கள் பயனருக்கு வைக்காதீர்கள். போன் கேமரா கியூஆர் குறியீட்டைப் படித்ததுமே பெயரும் எண்ணும் தொடர்புப் பட்டியலில் சேரத் தயாராக வேண்டும். தொடர்பு விவரங்களைப் பகிர்வதற்கான பொது வடிவமான விகார்ட் (vCard) அதற்குப் போதும். இணையம் எடுக்காத கண்காட்சி அரங்கிலும் வேலை செய்யும்.

பலர் சறுக்குவது அடுத்த படியில். முகவரி, பதவி, நான்கைந்து சமூக வலைத்தள இணைப்புகள் என எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடைக்கிறார்கள். குறியீட்டின் கட்டங்கள் பொடிப்பொடியாகி, கேமரா திணறுகிறது. தமிழ்ப் பெயருக்கு இன்னும் கவனம் தேவை. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் ‘தமிழ்ச்செல்வி’ 39 பைட் இடம் பிடிக்கும். அதையே ஆங்கில எழுத்தில் ‘Tamilselvi’ என்று எழுதினால் 10 பைட்தான். அதற்காகத் தமிழை நீக்கிவிடாதீர்கள், மனம் பொறுக்காது! பெயர், எண், மின்னஞ்சல், ஒரே ஒரு சுயவிவர இணைப்பு ஆகியவற்றோடு நிறுத்துங்கள். மற்றவை அந்த இணைப்பில் இருக்கட்டும். குறியீட்டைச் சுற்றி 4 கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் விடுங்கள்.

இன்னொன்று: செயலியின் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள். நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது தலைப்பெழுத்து மட்டுமே.