தாய்ப்பால் போதாதபோது பவுடர் பால்: வாங்குவது முதல் ஊட்டுவது வரை

பிள்ளை பெற்ற வீட்டில் பால் பத்தவில்லை என்ற பேச்சு எழுந்தால், அன்று மாலைக்குள் யாராவது ஒருவர் மெடிக்கல் ஷாப்பிலிருந்து ஒரு டப்பாவோடு வந்துவிடுவார். எந்த டப்பா நல்லது என்பதில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். எப்படிக் கலக்குவது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். குழந்தைக்குக் கெடுதல் வருவது பெரும்பாலும் கலக்கும் இடத்தில்தான். அதனால் இங்கே கடைக்குக் கொஞ்சமும் அடுப்படிக்கு நிறையவும் இடம் கொடுத்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்

குழந்தை அழுகிறது, மார்பு கனக்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரம் ஆகியும் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் ஊற ஓரிரு நாள் கூடுதலாகலாம். குழந்தை காம்பை மட்டும் கவ்விக்கொண்டு கருவட்டத்தை வாய்க்குள் வாங்காவிட்டாலும் பால் சரியாக இறங்காது. அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் பல நேரம் அதுவே சரியாகிவிடும். குறைமாதக் குழந்தை என்றால் தாய்ப்பால் வங்கியைப் பற்றிக் கேளுங்கள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் பால் போதவில்லை என்றால், பவுடர் பால் கொடுப்பதில் எந்தத் தப்பும் இல்லை. பிரசவத்தில் அதிக இரத்தம் போனது, தைராய்டு கோளாறு, தாய் எடுத்துக்கொள்ளும் சில மருந்துகள் என்று காரணம் எத்தனையோ. அம்மாவின் மனசை நோகடிக்கிற விசாரணைகளை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

ஆனால் பவுடர் பாலுக்குப் பதிலாக வீட்டில் சொல்லப்படும் வேறு சில வழிகள் வேண்டவே வேண்டாம். பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பது அதில் முக்கியமானது. அதில் புரதமும் உப்புகளும் பிஞ்சுச் சிறுநீரகம் தாங்காத அளவுக்கு அதிகம். இரும்புச்சத்தோ மிகக் குறைவு. தண்ணீர் விட்டால் சத்தும் போய்விடும். ஒரு வயது முடியும் வரை பசும்பால் முக்கிய உணவாகக் கூடாது. தெருவில் விற்றுக்கொண்டு வரும் கழுதைப்பால், சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். தேனில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம் என்பதால், அதையும் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது.

படி 1: டப்பாவைத் தேர்ந்தெடுப்பது

டப்பாவில் பெரிதாக ஓர் எண் இருக்கும். பிறந்த குழந்தைக்கு 1 என்று போட்டது. ஆறு மாதம் ஆனதும் 2-க்கு மாறச் சொல்வார்கள். ஒரு வயது வரை 1-லேயே தொடர்ந்தாலும் குறை ஒன்றும் இல்லை; 2, 3 போன்ற தொடர் பால்கள் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலையும்.

லாக்டோஜன், நான் ப்ரோ, டெக்ஸோலாக், சிமிலாக் என்று பெயர்கள் பல. சாதாரண ஆரோக்கியமான குழந்தைக்கு, பசும்பாலை அடிப்படையாக வைத்துச் செய்த எந்த 1-ஆம் எண் பவுடரும் போதும். அதில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் வகுத்திருக்கின்றன. டிஹெச்ஏ என்ற கொழுப்புச்சத்து, ப்ரோபயாடிக் என்ற நல்ல பாக்டீரியா என்று கூடுதலாகச் சேர்த்தவைக்கு விலையும் கூடும். மாதாமாதம் தடுமாறாமல் வாங்கக்கூடியதை எடுங்கள் என்பதுதான் என் கட்சி. ஏனென்றால் விலை கடிக்கும் டப்பாவைத்தான் நாலு நாள் கூடுதலாக ஓட்டுவதற்காகத் தண்ணியாகக் கலக்கத் தோன்றும்.

சோயா, லாக்டோஸ் இல்லாதது, குறைமாதக் குழந்தைக்கானது, ஒவ்வாமைக்கானது ஆகியவற்றை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்க வேண்டும். வாயு, அழுகை என்று நாமாக மாற்றிப் பார்க்கக் கூடாது.

இன்னொன்று. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்யவோ, இலவசமாக மாதிரி டப்பா கொடுக்கவோ கூடாது. லேபிளில் தாய், குழந்தை படம் போடவும் தடை. மருத்துவமனையில் யாராவது ஒரு டப்பாவைக் கையில் திணித்தால், அதைப் பரிந்துரை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

காலாவதித் தேதியைப் பாருங்கள். நசுங்கிய, உப்பிய டப்பா வேண்டாம்.

படி 2: சங்கா, பாட்டிலா?

முடிந்தால் சங்கு. பாலாடை என்றும் சொல்கிறோமே, அதுதான். எவர்சில்வரில் ஒன்று வாங்கினால் போதும். இடுக்கு இல்லை, ரப்பர் இல்லை, கழுவுவது சுலபம். பாட்டில் காம்பு பழகிவிட்டால் சில குழந்தைகள் மார்பில் குடிக்கச் சுணங்கும். சங்கில் அந்தத் தொல்லை குறைவு. பாட்டில்தான் வசதி என்றால், வாய் அகலமானதாக, உள்ளே பிரஷ் நன்றாகப் போகும்படி வாங்குங்கள்.

எதுவானாலும் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி பத்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். சங்கில் கொடுப்பவர்கள் மில்லி அளவுக்கோடு போட்ட ஒரு பாட்டிலையோ கிண்ணத்தையோ சேர்த்தே கொதிக்கப் போடுங்கள். தண்ணீரை அளக்க அது வேண்டும்.

படி 3: கலக்குவது

இங்கேதான் நிதானம் வேண்டும். பால் பவுடர் கிருமியே இல்லாத பொருள் அல்ல. குரோனோபாக்டர் என்ற கிருமி அரிதாக அதில் இருக்கலாம். பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் அது உயிராபத்து. அதைக் கொல்லத்தான் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத தண்ணீரில் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஊர் டப்பாக்கள் பலவற்றில் வெதுவெதுப்பான நீர் என்று போட்டிருக்கும். கைக்குழந்தை மிகச் சின்னது என்றால் எதைப் பின்பற்றுவது என்று உங்கள் மருத்துவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்.

செய்முறை இதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் எடுத்தால் சூடு சுமார் 70 டிகிரிக்குக் கீழே போயிருக்காது. ஒரு டம்ளர் மட்டும் கொதிக்க வைத்தால் சீக்கிரமே ஆறிவிடும், கவனம். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் என்றாலும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

முதலில் தண்ணீர், பிறகுதான் பவுடர். பவுடரை முதலில் போட்டால் தண்ணீரின் அளவு தப்பிப்போகும். இங்கே கிடைக்கும் பெரும்பாலான டப்பாக்களுக்கு 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. ஆனாலும் உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. அந்த டப்பாவுக்குள் இருக்கும் கரண்டியையே பயன்படுத்துங்கள். பழைய டப்பாவின் கரண்டி வேறு அளவாக இருக்கலாம். அமுக்கக் கூடாது, குவிக்கக் கூடாது, சுத்தமான கத்தி முதுகால் தலைதட்டி எடுங்கள். அரைக் கரண்டிக் கணக்கு வேண்டாம். 60 மில்லிக்கு இரண்டு, 90 மில்லிக்கு மூன்று என்று முழுசாகவே போகட்டும்.

தண்ணீர் கூடினால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகலாம். பவுடர் கூடினால் நீர்ச்சத்து குறையும், மலம் கட்டும். "கெட்டியாக் குடுத்தா நல்லாத் தூங்கும்" என்று பாட்டி சொன்னால், சரி பாட்டி என்று சொல்லிவிட்டுத் தலைதட்டியே போடுங்கள்.

கலக்கியதும் பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி ஆற்றுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் இளஞ்சூடாகத் தெரிய வேண்டும். மைக்ரோவேவில் வைக்க வேண்டாம். வெளியே ஆறியிருந்தாலும் நடுவில் கொதிக்கும்.

படி 4: எவ்வளவு, எப்படி

முதல் வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, அதற்குப் பிறகு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி தேவைப்படும். மூன்று கிலோக் குழந்தைக்கு 450 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 55, 60 மில்லி. பவுடர் பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கு. தாய்ப்பாலும் இருந்தால் முதலில் இரண்டு மார்பிலும் குடிக்க விட்டு, போதாததற்கு மட்டும் இதைக் கொடுங்கள். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும்.

தலையைச் சற்று உயர்த்தி மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். சங்கின் மூக்கைக் கடைவாய் ஓரம் வைத்து, விழுங்க விழுங்கச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மடமடவென்று ஊற்றினால் புரையேறும். பாட்டிலைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் பிடித்தால் பால் வேகமாகப் பாயாது. தலையணையில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு எழுந்து போகவே கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மிச்சம் பத்து மில்லிக்காகப் போராட வேண்டாம். தோளில் போட்டு ஏப்பம் வந்ததும் படுக்க வைக்கலாம்.

படி 5: மிச்சம், இரவு, பயணம்

குழந்தை வாய் வைத்த பாலை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். வாய் வைக்காததானாலும் வெளியே இரண்டு மணி நேரம்தான். ஃப்ரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம். திரும்பத் திரும்பச் சூடு பண்ணுவது கூடாது.

இரவுக்கும் பஸ் பயணத்துக்கும் கலக்கிய பாலை எடுத்து வைக்காமல், கொதித்த தண்ணீரை நல்ல ஃபிளாஸ்க்கில் நிறைய ஊற்றி வையுங்கள். பவுடரை அளந்து ஈரமில்லாத சின்ன டப்பிகளில் தனித்தனியாக வைத்துக்கொண்டால் தூக்கக் கலக்கத்திலும் கணக்குத் தப்பாது. திறந்த டப்பாவை இறுக மூடி, ஃப்ரிட்ஜில் அல்லாமல் ஈரமில்லாத இடத்தில் வைத்து, ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். டப்பாவில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதன்படி.

எப்போது உடனே மருத்துவரிடம்

மலம் கொஞ்சம் கெட்டியாவதும் நிறம் மாறுவதும் சகஜம். மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, உச்சிக்குழி பள்ளமாவது, ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர், பாலுக்குக்கூட எழாத மயக்கத் தூக்கம் இவை எதுவும் சகஜம் இல்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே காய்ச்சல்தான். காலை வரை காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் சந்தேகம் கேட்க 104, வண்டி வேண்டுமென்றால் 108.