6.0 பவர் ஸ்ட்ரோக்கில் ஹை பிரஷர் ஆயில் பம்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய ஃபோர்டு சூப்பர் டூட்டி டிரக்குகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. 2003 முதல் 2007 வரை வந்தவற்றில் பெரும்பாலான டீசல் வண்டிகளில் இருப்பது 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜின். இதை வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது, ஓட்டிச் சூடான பிறகு அணைத்தால் மறுபடி பிடிப்பதில்லை.

இந்த இன்ஜினில் ஆயிலுக்கு இரண்டு வேலை. ஒன்று, எல்லா இன்ஜினிலும் போல உராய்வைக் குறைப்பது. இன்னொன்று, இன்ஜெக்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளி டீசலைப் பீய்ச்ச வைப்பது. அந்த இரண்டாவது வேலைக்கான அழுத்தத்தைத் தருவதுதான் ஹை பிரஷர் ஆயில் பம்ப். ஸ்டார்ட் ஆகவே சுமார் 500 பிஎஸ்ஐ வேண்டும்; முழு லோடில் 3,500-க்கு மேல் போகும். இன்ஜெக்டர் அதை ஏறத்தாழ 7 மடங்காக்கி டீசலுக்குக் கொடுக்கிறது. ஆகவே ஆயில் கெட்டால் இன்ஜெக்‌ஷனும் கெடும்.

டாஷ்போர்டு ஆயில் மீட்டரை நம்புவது முதல் தவறு. அது லூப்ரிகேஷன் பக்கம் குறைந்தபட்ச அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் காட்டுகிறது. முள் நடுவில் நிற்கும்போதே ஹை பிரஷர் பக்கம் செத்துப்போயிருக்கலாம். ஸ்கேன் டூலைப் போட்டு, கிராங்க் செய்யும்போது (சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரால் சுழற்றும்போது) ஐசிபி அழுத்தத்தையும், அதாவது இன்ஜெக்டருக்குப் போகும் ஆயிலின் அழுத்தத்தையும், அதைக் கட்டுப்படுத்தும் வால்வான ஐபிஆரின் சதவீதத்தையும் பாருங்கள். ஐபிஆர் 85 சதவீதத்தில் இருக்க, அழுத்தம் 300-ஐத் தாண்டவில்லை என்றால், வால்வை முழுக்க மூடச் சொல்லியும் ஆயில் எங்கோ தப்பிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இங்கேதான் பலர் அவசரப்பட்டுப் பம்பை வாங்கிவிடுகிறார்கள். சூடானால் மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டியில் பெரும்பாலும் பம்ப் நன்றாகவே இருக்கும். 2004-ன் பிற்பகுதியிலிருந்து வந்த இன்ஜின்களில் பம்புக்கு மேலே எஸ்டிசி ஃபிட்டிங் என்று ஒரு இணைப்பு உண்டு. அது விட்டுப்போவது ரொம்ப சகஜம். ஹை பிரஷர் ஆயில் பாதையிலுள்ள ஸ்டாண்ட் பைப் என்ற குழாய், டம்மி பிளக் என்ற அடைப்பான் ஆகியவற்றின் ஓ-ரிங்குகளும் (ரப்பர் வளையங்களும்) தேய்ந்து கசியும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் அந்தக் கசிவைத் தாங்கிக்கொள்ளும். சூடான ஆயில் தண்ணீராக ஓடிவிடும். ஐசிபி சென்சாரைக் கழற்றி அந்தத் துளை வழியாகக் கம்ப்ரசர் காற்றைக் கொடுத்து, ஐபிஆரை மின்சாரம் கொடுத்து மூடிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். எங்கிருந்து சீறுகிறது என்பது தெரிந்துவிடும். டர்போவைக் கழற்றினால்தான் பம்புக்குக் கை எட்டும் என்பதால், இந்த அரை மணி நேரச் சோதனை ஒரு முழு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

நீண்ட நேரம் கிராங்க் செய்துகொண்டே இருப்பதும் வேண்டாம். பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கினால் இன்ஜெக்டர்களை இயக்கும் எஃப்ஐசிஎம் பெட்டியும் சேர்ந்து போகும்.

சரி, பம்பே உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடத்தில் செய்யும் தவறுதான். புதுப் பம்பை மாட்டி, ஆயில் ஊற்றி, சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை போகும் பாதையில் வழக்கமான ஃபில்டர் எதுவும் கிடையாது. உடைந்த பம்பின் இரும்புத் தூள், இன்ஜெக்டர்களுக்கு ஆயிலைப் பிரித்துக் கொடுக்கும் ஆயில் ரெயிலுக்குள் போய் அங்கேயே உட்கார்ந்திருக்கும். விரலால் ரெயிலின் உட்புறத்தைத் தடவினால் சாம்பல் நிற மினுமினுப்பு ஒட்டும். அது இன்ஜெக்டருக்குள் ஆயிலைத் திறந்து மூடும் ஸ்பூல் வால்வில் சிக்கினால் ஒவ்வொரு சிலிண்டராக எரியாமல் மிஸ்ஸாக ஆரம்பிக்கும். இன்ஜெக்டரிலிருந்து வெளியேறும் ஆயில் இன்ஜினின் அடியிலுள்ள சம்ப்புக்குத்தான் திரும்புகிறது; ஃபில்டர் அடைத்து, அதைச் சுற்றிப் போகவிடும் பைபாஸ் வால்வு திறந்தால் அதே தூள் பேரிங் வரை போகும். ஆகவே ரெயில்களைக் கழற்றிக் கழுவுங்கள், ஐபிஆரையும் அதன் வலையையும் மாற்றுங்கள், சம்ப்பைச் சுத்தம் செய்யுங்கள்.

ஆயில் கூலரை மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். கூலருக்கு அடியில்தான் பம்புக்கான ஆயில் தொட்டி இருக்கிறது. மூடியைத் திறந்ததும் ஓரத்தில் காய்ந்திருக்கும் மண்ணும் பழைய கேஸ்கெட் துணுக்கும் நேரே உள்ளே விழும். திறப்பதற்கு முன்பே சுற்றியுள்ள இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, திறந்தவுடன் சுத்தமான துணியால் மூடுங்கள். தொட்டியில் இருக்கும் வலை கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்; புது வலையே போட்டுவிடுவது மேல்.

அப்புறம் ஃபில்டர். ஒரிஜினல் மூடி குட்டையானது. வெளிக்கடையில் கிடைக்கும் உயரமான மூடியைப் போட்டால் ஃபில்டர் கூட்டுக்குள் இருக்கும் வடிகால் வால்வு சரியாக மூடாமல் போகக்கூடும். ஆயில் வடிகட்டப்படாமலேயே சம்ப்புக்குத் திரும்பிவிடும்.

இந்த இன்ஜினுக்கு 15 குவார்ட், அதாவது 14 லிட்டருக்குச் சற்று மேல் ஆயில் வேண்டும். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 5,000 மைலுக்குள் மாற்றிவிடுங்கள். பம்ப் மாற்றிய வண்டியாக இருந்தால் அவ்வளவு காத்திருக்க வேண்டாம்: முதல் 500 மைலில் ஆயிலை வடித்து, ஃபில்டரின் காகித மடிப்புகளை வெட்டி விரித்து, காந்தத்தை ஓட்டிப் பாருங்கள்.