ஹெல்மந்த் நதி: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 மே மாதம் ஈரான்–ஆப்கானிஸ்தான் எல்லையில் துப்பாக்கிச் சூடு நடந்து இரு தரப்பிலும் உயிர்கள் போனதும், 'இதோ தண்ணீர்ப் போர்' என்று பலர் எழுதினார்கள். அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடாதீர்கள். ஆப்கானிஸ்தானில் பிறந்து ஈரான் எல்லைக்கு ஓடும் ஹெல்மந்த் நதியின் நீரைப் பற்றிய வாக்குவாதம் சூடாக இருந்த நேரம்தான் அது. ஆனால் 1973-இல் ஆப்கானிஸ்தானின் மன்னராட்சிக் காலத்தில் போட்ட நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தை, அதன்பின் காபூலில் எத்தனையோ ஆட்சிகள் வந்துபோன பிறகும், இரு தரப்பும் கைவிடவில்லை. இன்று தாலிபானும் ஈரானும் அதே காகிதத்தை வைத்துத்தான் வாதாடுகிறார்கள்.

அந்தக் காகிதத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்ப்பதுதான் பெரிய தவறு. ஈரானுக்கு நொடிக்கு 26 கன மீட்டர், ஆண்டுக்குச் சுமார் 82 கோடி கன மீட்டர். சரி, ஆனால் அது 'சாதாரண ஆண்டு'க்கு மட்டும்தான். ஆப்கானிஸ்தானில் இந்த நதியின் குறுக்கே உள்ள கஜாகி அணைக்கு மேலே, தெஹ்ராவூத் அளவீட்டு நிலையத்தில் ஆண்டு முழுக்கச் சுமார் 566 கோடி கன மீட்டர் ஓடினால் அது சாதாரண ஆண்டு. குறைந்தால் ஈரானின் பங்கும் குறையும். ஆக, வழக்கு முழுவதும் அந்த ஒரு அளவீட்டில் தொங்குகிறது. அளப்பதும் லேசான வேலை இல்லை. நீர்மட்டம் பார்க்க வேண்டும், ஓட்டத்தின் வேகம் பார்க்க வேண்டும், வெள்ளம் ஆற்றுப் படுகையை மாற்றிவிட்டால் கணக்கை மறுபடி சரிபார்க்க வேண்டும். பல பத்தாண்டுகள் போர் நடந்த மண்ணில் இதை விடாமல் செய்வது எவ்வளவு கஷ்டம்! மேலே இருப்பவர் 'வறட்சி' என்கிறார், கீழே இருப்பவர் 'அணையில் நிறுத்திவிட்டீர்கள்' என்கிறார். இருவரும் சேர்ந்து அளந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'முதலில் சமாதானம் வரட்டும், அப்புறம் தண்ணீரைப் பேசலாம்' என்பதும் வேண்டாம். இஸ்ரேலும் ஜோர்டானும் சமாதான உடன்படிக்கை செய்தது 1994-இல். அதற்கு வெகுகாலம் முன்பே, போர்நிலையில் இருந்தபோதே, இரு நாட்டு அதிகாரிகளும் ஆற்றோரம் சந்தித்து நீர்ப் பங்கீட்டைப் பேசி வந்தார்கள். சிந்து நதி ஒப்பந்தமும் 1965, 1971 போர்களைத் தாண்டி நின்றது. 2025 ஏப்ரலில்தான் இந்தியா அதை நிறுத்திவைத்தது.

இன்னொன்று, பழியை அணைகள் மேல் மட்டும் போடுவது. 2021-இல் எல்லைக்கு அருகே திறந்த கமால் கான் அணை கீழே போகும் நீரைத் தடுக்கிறது என்ற ஈரானின் புகாரைத் தள்ளிவிட முடியாது. அதே சமயம் ஈரான் பக்கமும், வந்த தண்ணீரைக் குடிநீருக்காகச் சாநீமே நீர்த்தேக்கங்களுக்குத் திருப்புகிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவதுதான் நதி கடைசியாகப் போய்ச் சேரும் எல்லையோர ஹாமூன் ஏரிக்கு. 1973 ஒப்பந்தத்தில் அந்த ஏரிக்கென்று தனியாக ஒரு சொட்டும் ஒதுக்கவில்லை. ஒரு காலத்தில் நாணல் கட்டிய தெப்பங்களில் மீன் பிடித்த இடம் அது. இப்போது கோடையில் 'நூற்றிருபது நாள் காற்று' கிளம்பும்போது, காய்ந்த ஏரிப்படுகை புழுதியாக எழும்பி எல்லைக்கு இரண்டு பக்கமும் வீடுகளுக்குள் வந்து படிகிறது.