வயலுக்கு அடியில் தொல்லெச்சம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உழவு நிலத்துக்கு அடியில் பழைய சுவரோ சூளையோ இருக்கிறதா என்று தோண்டாமலே பார்க்கலாம். ஆனால் கருவிக்குச் சுவர் தெரியாது. சுவருக்கும் பக்கத்து மண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் தெரியும். இதை மறப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

கையில் எது இருக்கிறதோ அதையே எல்லா நிலத்துக்கும் கொண்டுபோகக் கூடாது. மண்ணுக்குள் ரேடியோ அலை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்கும் தரை ஊடுருவும் ரேடாரின் அலையை ஈரக் களிமண் சீக்கிரமே விழுங்கிவிடும். எரிமலைப் பாறை மேலாக இருக்கும் இடத்தில், காந்தப்புலத்தின் சிறு மாற்றங்களை அளக்கும் காந்தமானி பாறையையே காட்டிக்கொண்டிருக்கும். மண்ணில் மின்சாரம் செலுத்தி அது எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் மின்தடை அளவீடோ மண்ணின் ஈரத்தை நம்பியது: எலும்பாய்க் காய்ந்த நிலமும் வேண்டாம், நீர் தேங்கிய நிலமும் வேண்டாம்.

காந்தமானி எடுத்தால் முதலில் உங்கள் உடம்பைச் சோதியுங்கள். பூமியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்துச் சுமார் 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். மண் மூடிய பழைய குழி அதில் உண்டாக்கும் மாற்றம் பெரும்பாலும் சில நானோடெஸ்லாதான். பெல்ட் கொக்கி, சாவி, செல்போன், ஏன், ஷூவில் கயிறு கோக்கும் துளையிலுள்ள இரும்பு வளையம்கூட அதை அமுக்கிவிடும். நிலத்தில் நடும் முளைக்குச்சியும் மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும்.

அப்புறம், நடக்கும் திசை. உழவுச் சாலோடு சேர்ந்து நடப்பது காலுக்குச் சுகம்தான். ஆனால் பழைய வாய்க்காலும் அதே திசையில் ஓடினால் சிக்கல். நடந்த ஒவ்வொரு வரியின் அளவுகளின் சராசரியையும் பூஜ்யமாக்கும் வழக்கமான திருத்தத்தைக் கணினியில் செய்தவுடன், நடந்த திசையிலேயே ஓடும் கோடு போன்ற ஏற்ற இறக்கங்கள் அழியும். கருவியின் பிழையோடு வாய்க்காலும் போய்விடும்! அதனால் சாலுக்குக் குறுக்காகவோ சாய்வாகவோ நடங்கள், திருத்தாத மூல அளவுகளைத் தனியாக வையுங்கள். படம் அழகாக வர வேண்டும் என்று திருத்தத்தின் மேல் திருத்தம் போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வரிகளுக்கு இடையே 1 மீட்டர் விட்டால் அகழி சிக்கும். தூண் நட்ட 30 சென்டிமீட்டர் கம்பக்குழி நழுவிவிடும். எதைத் தேடுகிறீர்களோ அதற்கேற்ப நெருக்கமாக நடக்க வேண்டும்.

நிலத்துக்காரரிடம் பேசாமல் வேலையைத் தொடங்குவது பெரிய நஷ்டம். தூர்த்த கிணறு, பிடுங்கிய கம்பி வேலி, புதைத்த குழாய், வைக்கோல் எரித்த இடம் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரிடம் ஐந்து நிமிடம் கேட்டிருந்தால், நேற்றுப் போட்ட தீயைப் பழங்கால அடுப்பு என்று குறித்திருக்க மாட்டோம்.

கடைசியாக, படம் வெறுமையாக வந்தால் "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். வழக்கமான காந்தமானி அளவீட்டில் சிறிய தடயங்கள் சுமார் 1 மீட்டர் ஆழம் வரைதான் நன்றாகப் பிடிபடும். ஆற்று வண்டல் அவற்றை அதைவிட ஆழத்தில் மூடியிருக்கலாம். எந்தக் கருவி, எந்த இடைவெளி, மண் எவ்வளவு ஈரம் என்று சொல்லி, இந்த நிலையில் எதுவும் பிடிபடவில்லை என்று மட்டும் பதியுங்கள். ஒரு சிறு சோதனைக்குழி வெட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தால், வெறுமையாகத் தெரிந்த இடத்திலும் ஒன்று போடச் சொல்லுங்கள்.